தாவர எண்ணெயில் ஓடும் டீசல் வேன்

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்றை பிஸ்டன் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நெருக்கும்போது அதன் வெப்பநிலை 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடுகிறது. அந்தச் சூட்டுக்குள் எரிபொருளை மெல்லிய தூவலாகப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். காற்று போதிய சூட்டில் இருக்க வேண்டும், எரிபொருள் பொடித் துளிகளாகச் சிதற வேண்டும். இவ்விரண்டும் அமைந்துவிட்டால், எரிவது எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்ததா செக்கிலிருந்து வந்ததா என்று இன்ஜின் பார்ப்பதில்லை. கடலை, சூரியகாந்தி, தேங்காய், ரேப்சீடு என எந்த எண்ணெயை ஊற்றினாலும் பழைய டீசல் வேன் கிளம்பிவிடுவது இதனால்தான். கிளம்புவது எளிது. அதே வேன் ஓராண்டு கழித்தும் ஓடுமா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இரண்டு எண்ணெய்கள்

டீசல் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்த சங்கிலிகளின் கலவை. பெரும்பாலான சங்கிலிகளில் 10 முதல் 20 கார்பன் அணுக்கள் இருக்கும். தாவர எண்ணெயின் மூலக்கூறு வேறு ரகம். கிளிசரால் என்ற சிறிய முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் தொங்கும் டிரைகிளிசரைடு அது. எடையில் டீசல் மூலக்கூறைப் போல நாலு மடங்கு வரும். இந்தப் பருமனிலிருந்துதான் மற்ற எல்லா வேறுபாடுகளும் பிறக்கின்றன.

சக்தியில் பெரிய குறை இல்லை. ஒரு கிலோ டீசலில் 43 மெகாஜூல், ஒரு கிலோ தாவர எண்ணெயில் 37. ஆனால் எண்ணெய் அடர்த்தி கூடியது. லிட்டருக்கு டீசல் 830 கிராம் என்றால் எண்ணெய் 920 கிராம். ஆகவே லிட்டர் கணக்கில் இடைவெளி ஐந்து சதவீதத்துக்குள் சுருங்கிவிடும். மைலேஜை எழுதி வைத்துக்கொள்கிறவர்தான் அதைக் கண்டுபிடிப்பார். எவ்வளவு விரைவில் பற்றும் என்பதைச் சொல்லும் சீட்டேன் எண் நல்ல டீசலுக்கு 51, பெரும்பாலான தாவர எண்ணெய்களுக்கு 40-ஐ ஒட்டி. அதாவது பற்றுவதற்குக் கணநேரம் கூடுதலாக ஆகும். எண்ணெய்க்குச் சாதகமான அம்சங்களும் உண்டு. கந்தகம் அநேகமாக இல்லை. எடையில் 11 சதவீதம் ஆக்சிஜனே என்பதால், நன்றாக எரியும் நிலையில் கரும்புகை குறைகிறது. 220 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதன் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் டேங்க் பற்றிக்கொள்ளும் பயமும் இல்லை.

சிக்கல் பாகுநிலையில். 40 டிகிரி வெப்பத்தில் டீசலின் பாகுநிலை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக், ரேப்சீடு எண்ணெய்க்கு அதே வெப்பத்தில் சுமார் 35. விளக்கெண்ணெயோ 200-ஐயும் தாண்டிவிடும், அதை எரிபொருள் பட்டியலிலேயே சேர்க்க வேண்டியதில்லை. இஞ்செக்டரின் நாசில் துளை மில்லிமீட்டரில் ஒரு சிறு பின்னம். டீசலுக்கென்று அளவெடுத்துச் செய்த அந்தத் துளை வழியே பத்து மடங்கு தடித்த திரவத்தைத் தள்ளினால், அது மூடுபனியாக விரியாமல் ஒடுங்கிய பீச்சலாகப் பாயும். துளிகள் பெரியவை. முழுதாக எரிய நேரம் போதாது. எரியாத மிச்சம் நாசில் முனையில் கரியாகப் படியும், சிலிண்டர் சுவரில் வழியும், பிஸ்டன் ரிங்குகளின் பள்ளத்தில் புகுந்து பிசினாகும். இன்ஜினுக்கு வரும் கேடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு குணத்திலிருந்து தொடங்குகின்றன.

இரண்டாவது சிக்கல் எண்ணெய்க்கு எண்ணெய் மாறும். கொழுப்பு அமிலச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் கூடக் கூட, அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பிசினாக இறுகும் போக்கும் கூடும். இந்தப் போக்கை அளப்பது அயோடின் எண். தேங்காயெண்ணெய்க்கு அது 10-ஐ ஒட்டி, பாமாயிலுக்கு 50, கடலை எண்ணெய்க்கு 90, ரேப்சீடுக்கு 110, சூரியகாந்திக்கு 130, ஆளிவிதைக்கு 180. ஆளிவிதை எண்ணெய் பெயின்ட்டில் சேருவது, அது காய்ந்து தோலாக இறுகுவதால்தான். அதே குணம் இன்ஜினுக்குள் வேண்டவே வேண்டாதது. ஆனால் எதிர்முனையில் இருக்கும் எண்ணெய்க்கும் ஒரு விலை உண்டு. தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே உறைகிறது. மார்கழிக் காலையில் புட்டியில் நடப்பது ஐரோப்பியக் குளிரில் டேங்க், ஹோஸ், ஃபில்டர் எல்லாவற்றிலும் நடக்கும். இறுகாத எண்ணெய் உறையும், உறையாத எண்ணெய் இறுகும். குளிர்நாடுகள் ரேப்சீடில் போய் நின்றதும், பசிபிக் தீவுகள் தேங்காயில் நின்றதும் இந்தக் கணக்கின்படியே.

கடலை எண்ணெயும் காலனிகளும்

ருடால்ஃப் டீசல் தம் இன்ஜினைக் கடலை எண்ணெய்க்காகவே கண்டுபிடித்தார் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. அது சரியில்லை. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓடிய அவருடைய இன்ஜின் பெட்ரோலிய எண்ணெயில்தான் ஓடியது. கடலை எண்ணெய் வந்தது 1900-ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில். பிரெஞ்சு அரசாங்கம் கேட்டுக்கொண்டதன்பேரில் ஓட்டோ நிறுவனம் அங்கே ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. பெரும்பாலானோர் வேறுபாட்டைக் கவனிக்கவே இல்லை என்று டீசலே 1912-இல் நினைவுகூர்ந்திருக்கிறார். பிரான்ஸின் ஆர்வம் வேளாண்மையைப் பற்றியதல்ல. ஆப்பிரிக்கக் காலனிகளில் கடலை ஏராளமாக விளைந்தது, நிலக்கரியும் பெட்ரோலியமும் கப்பலில் போக வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் தென்னாற்காட்டில் மல்லாட்டை எனப்படும் கடலையும் புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

பெல்ஜியமும் அதே காரணத்துக்காகத்தான் இதில் இறங்கியது. அதன் கையில் காங்கோவும் காங்கோவின் பாமாயிலும் இருந்தன. பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷவான் என்ற வேதியியலாளர் 1937 ஆகஸ்ட் 31 அன்று பெற்ற காப்புரிமை, எண்ணெயை ஆல்கஹாலோடு வினைபுரியச் செய்து மெலிதாக்கும் முறையைச் சொல்கிறது. இன்று பயோடீசல் எனப்படுவது அதுதான். மறு ஆண்டு அந்த எரிபொருளில் பிரஸ்ஸல்ஸுக்கும் லூவெனுக்கும் இடையே ஒரு பயணிகள் பேருந்தும் ஓடியது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலியம் கிடைக்காத சீனா, டங் எண்ணெயைச் சூட்டில் சிதைத்து பெட்ரோலைப் போன்ற எரிபொருள் தயாரித்தது. போர் முடிந்து பெட்ரோலிய விலை இறங்கியதும் எல்லாம் மறந்துபோயின.

மறுபடி நினைவு வந்தது 1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளில். எண்ணெய்த் தடையில் சிக்கியிருந்த தென்னாப்பிரிக்கா 1979 வாக்கில் சூரியகாந்தி எண்ணெயை டிராக்டர்களில் சோதித்தது. 1982 ஆகஸ்டில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவிலுள்ள ஃபார்கோ நகரில் இதற்கென்றே ஒரு சர்வதேச மாநாடு கூடியது. அக்காலச் சோதனைகளின் முடிவுகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன: குறுகிய காலச் சோதனையில் இன்ஜின் டீசலுக்கு நிகராக ஓடுகிறது, சில நூறு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் நாசில் கரி பிடிக்கிறது, ரிங் ஒட்டிக்கொள்கிறது, இன்ஜின் ஆயில் தடிக்கிறது. பாரிஸில் பார்வையாளர்கள் கண்டது முதல் பாதியை மட்டுமே.

இதற்குப் பின் வழி இரண்டாகப் பிரிந்தது. இன்ஜினுக்கு ஏற்ப எண்ணெயை மாற்றுவது ஒன்று, எண்ணெய்க்கு ஏற்ப இன்ஜினை மாற்றுவது மற்றொன்று. ஜெர்மனியைச் சேர்ந்த லுட்விக் எல்ஸ்பெட் என்ற பொறியாளர் இரண்டாவது வழியில் வெகுதூரம் போனார். தாவர எண்ணெயிலேயே ஓடும்படி ஒரு இன்ஜினையே வடிவமைத்தார். சாதாரண வேன்களை எண்ணெய்க்கு மாற்றும் உபகரணத் தொகுப்புகளும் பின்னர் எல்ஸ்பெட் பெயரில் விற்பனைக்கு வந்தன.

எந்த வேன் தாங்கும்

1980, 90-களின் வேன்களில் ஒரு பகுதி முன்னறை கொண்ட இன்ஜினில் ஓடியவை. இவற்றில் எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் பாயாது. சிலிண்டர் தலையில் குடைந்த ஒரு சிறு அறைக்குள் பாய்ந்து, அங்கே பற்றி, அந்த வேகத்தில் சிலிண்டருக்குள் சீறும். அறையின் சுவர் எப்போதும் தகிக்கும், காற்று சுழன்றடிக்கும். துளி கொஞ்சம் பெரிதாக இருந்தாலும் அங்கே எரிந்துவிடும். நாசிலும் ஒற்றைத் துளை ஊசி வகை என்பதால் எளிதில் அடைக்காது. மெர்சிடிஸின் ஓஎம் 616 இன்ஜின் இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. இதைச் சுமந்த மெர்சிடிஸ் வேன்களைத்தான் ஐரோப்பாவில் எண்ணெயில் ஓட்டியவர்கள் தேடித்தேடி வாங்கினார்கள். இதே இன்ஜினை உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்த பஜாஜ் டெம்போ, டிராக்ஸ், டிராவலர் வண்டிகளில் பொருத்தியது.

நேரடியாகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் இன்ஜின் டீசலை மிச்சப்படுத்தும், ஆனால் எண்ணெயை மன்னிக்காது. பிஸ்டன் தலையிலுள்ள குழிக்குள் பல துளை நாசில் வழியே பாயும் தடித்த எண்ணெய், எரிந்து முடியுமுன் ஒப்பீட்டளவில் குளிர்ந்த உலோகத்தில் போய் மோதும். 1984-இல் வந்த ஃபோர்டு டிரான்சிட்டின் 2.5 லிட்டர் இன்ஜின் இந்த வகை.

இன்ஜினுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது இஞ்செக்‌ஷன் பம்பு. ஓஎம் 616-இல் உள்ளது வரிசைப் பம்பு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பிஸ்டன், மசகுக்கு இன்ஜின் ஆயில். தடித்த எண்ணெயை அது அசராமல் தள்ளும். ரோட்டரி பம்புகளுக்கு எரிபொருளேதான் மசகு. அவற்றில் பாஷ் விஇ பம்பு ஓரளவு தாங்கும். லூகாஸ் சிஏவி வகைப் பம்பில் ஒரு மெல்லிய ரோட்டர், எண்ணெய்ப் படலத்துக்கு மட்டுமே இடம்விட்டு, ஒரு உறைக்குள் சுழல்கிறது. குளிர்ந்த தாவர எண்ணெய் அந்த நூலிடைவெளிக்குள் வேண்டிய வேகத்தில் நுழையாது. மசகு கிடைக்காத ரோட்டர் சூடாகி இறுகி, தண்டு முறியும். எண்ணெய் ஊற்ற நினைக்கிறவர் பானெட்டைத் திறந்து முதலில் படிக்க வேண்டியது பம்பின் பெயர்ப்பட்டையைத்தான்.

இரண்டு டேங்க்

பாகுநிலையைக் குறைக்க மலிவான வழி சூடாக்குவது. ரேப்சீடு எண்ணெய் 20 டிகிரியில் 70 சென்டிஸ்டோக்கை ஒட்டி இருக்கும். 80 டிகிரிக்குக் கொண்டுபோனால் 12-ஐ ஒட்டி இறங்கிவிடும். டீசல் அளவுக்கு வராவிட்டாலும் முன்னறை இன்ஜினுக்கு அது போதும். சூடும் இலவசமாகவே கிடைக்கிறது, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் ஓடும் இன்ஜினில் ஏறக்குறைய அதே வெப்பநிலையில்தான் சுற்றிவருகிறது. ஆனால் காலையில் வண்டியை எடுக்கும்போது தண்ணீரும் குளிர்ந்திருக்கும். இந்த முரணைத் தீர்க்க வந்ததுதான் இரண்டு டேங்க் முறை.

வேனின் பழைய டேங்கில் டீசல் அப்படியே இருக்கும். சுமை வைக்கும் பகுதியிலோ அடிச்சட்டத்திலோ எண்ணெய்க்கென்று இன்னொரு டேங்க். கூலன்ட் குழாய் இந்த டேங்குக்குள் சுருளாக நுழைந்து வெளியே வரும், அங்கிருந்து எண்ணெய்க் குழாயோடு ஒட்டியே இன்ஜின் வரை வரும், ஃபில்டரைச் சுற்றும், பம்புக்குச் சற்று முன்னால் ஒரு தகட்டு வெப்பப் பரிமாற்றிக்குள் எண்ணெய்க்குக் கடைசிச் சூட்டைக் கொடுக்கும். டேஷ்போர்டில் ஒரு வெப்பமானி, ஒரு சுவிட்ச். வேன் டீசலில் கிளம்பும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முள் 70-ஐத் தாண்டியதும் சுவிட்சைத் தட்டினால் சோலினாய்டு வால்வு திரும்பி எண்ணெய் உள்ளே வரும். இன்ஜின் சத்தம் ஒரு இழை மென்மையாகும், பின்னால் வருகிறவர்களுக்குப் பொரித்த உருளைக்கிழங்கின் வாசனை அடிக்கும். நிறுத்துவதற்கு ஒன்றிரண்டு நிமிடம் முன்பு மறுபடி டீசலுக்கு மாற்ற வேண்டும். பம்பிலும் இஞ்செக்டரிலும் நிற்கும் எண்ணெயை டீசல் கழுவிவிடும். இந்தக் கடைசிப் படியை மறந்தால் மறுநாள் காலை குளிர்ந்த எண்ணெயோடு ஸ்டார்ட்டர் மல்லுக்கட்டும், பாட்டரி இறங்கும், கிளம்பினாலும் வெண்புகை கக்கும்.

குழாய் விஷயத்தில் கைக்குக் கிடைத்ததைப் போட்டுவிட முடியாது. வளைக்கச் சுலபம், சூட்டையும் நன்றாகக் கடத்தும் என்று பலரும் செம்புக் குழாயைத்தான் முதலில் எடுப்பார்கள். ஆனால் செம்பு எண்ணெய் காறிப்போவதை முடுக்கிவிடும் வினையூக்கி. சூடான எண்ணெய் செம்புக்குள் நின்றால் குழாயின் உட்சுவரில் பிசின் படியும். எஃகு, அலுமினியம், நைலான் ஆகியவை பாதுகாப்பானவை. இயற்கை ரப்பர் ஹோஸ் எண்ணெயில் ஊறி உப்பிப் பின் வெடிக்கும். வைட்டான் எனப்படும் ஃபுளோரின் கலந்த ரப்பர் தாங்கும். தடித்த எண்ணெயை இழுக்கும்போது உறிஞ்சும் பக்கத்தில் வெற்றிடம் கூடுகிறது. டீசலில் ஒழுகாத கிளாம்பும் இப்போது காற்றை உள்ளே விடும். மேட்டில் ஏறும்போது வண்டி இருமினால் அது பெரும்பாலும் ஏர் லாக் அல்லது அடைத்த ஃபில்டர்.

ஒற்றை டேங்க் முறையும் உண்டு. நாசில்களை மாற்றி, அவை திறக்கும் அழுத்தத்தைக் கூட்டி, நீளமான ஹீட்டர் பிளக்குகளைப் போட்டு, ஃபில்டரை மின்சாரத்தில் சூடாக்கி, குளிரிலேயே எண்ணெயில் கிளப்பும் ஏற்பாடு அது. வசதி அதிகம், பிழைக்கு இடம் குறைவு. குறுந்தூரம் போய்ப் போய் நிற்கும் விநியோக வேனுக்கு இரண்டு முறைகளுமே ஒத்துவராது. இன்ஜின் சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். எண்ணெயில் நன்றாக ஓடுவது சுமையோடு நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் போகும் வண்டிதான்.

சட்டியில் இருந்து டேங்குக்கு

புது எண்ணெயை வாங்கி ஊற்றுகிறவர்கள் குறைவு. பெரும்பாலானோரை இழுத்தது உணவகங்களின் பின்கட்டில் கிடக்கும் பழைய எண்ணெய். பலமுறை காய்ந்த எண்ணெயில் மூன்று மாற்றங்கள் நேர்ந்திருக்கும். உணவின் ஈரம் பட்டு டிரைகிளிசரைடு உடைந்து தனிக் கொழுப்பு அமிலங்கள் பிரிந்திருக்கும். இவை உலோகத்தை அரிக்கும். காற்று பட்டு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னி எண்ணெய் தடித்திருக்கும். இவை போதாதென்று மாவுத்துகள், உப்பு, கோழிக்கொழுப்பு, தண்ணீர் எல்லாம் கலந்திருக்கும்.

சுத்தம் செய்வதில் பாதி வேலை பொறுமைதான். வெயில் படும் இடத்தில் டிரம்மை ஆட்டாமல் சில வாரம் வைத்தால் தண்ணீரும் கசடும் அடியில் தங்கும்; மேலாக இறுத்து எடுக்க வேண்டும். பிறகு பைவடிகட்டிகள், கடைசியில் 5 மைக்ரான் அல்லது அதற்கும் நெருக்கமானது. துகளை வடிகட்டி பிடிக்கும், கரைந்த தண்ணீரைப் பிடிக்காது. அதைக் கண்டுபிடிக்கச் சமையலறைச் சோதனையே போதும்: அகலமான வாணலியைத் தண்ணீரின் கொதிநிலைக்கு மேல் நன்றாகச் சூடாக்கி, வடித்த எண்ணெயில் நாலைந்து சொட்டு விட வேண்டும். சொட்டு சத்தமின்றிப் பரவினால் எண்ணெய் உலர்ந்தது. ஓரத்தில் பொடிக் குமிழிகள் எழுந்தால் கொஞ்சம் ஈரம் பாக்கி. படபடவென்று வெடித்தால் மறுபடி டிரம்முக்கே போக வேண்டும். இந்த ஈரம் பம்புக்குள் போனால், கண்ணாடிபோல் மெருகேற்றிய எஃகுப் பரப்பில் ஓரிரவில் துருப்புள்ளி விழும். அமில அளவைத் தெரிந்துகொள்ள, ஆல்கஹாலில் கரைத்த எண்ணெயில் ஃபீனால்ஃப்தலின் விட்டு, இளஞ்சிவப்பு நிலைக்கும்வரை காரக் கரைசலைச் சொட்டுச்சொட்டாகச் சேர்க்கும் பள்ளிக்கூட டைட்ரேஷனே போதும்.

ஜெர்மனி புது ரேப்சீடு எண்ணெய்க்கு எரிபொருள் தரநிர்ணயமே வகுத்தது, டிஐஎன் 51605. அதில் பாஸ்பரஸ், கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றுக்குக் கிலோவுக்குச் சில மில்லிகிராம்தான் அனுமதி. விதையிலிருந்து வரும் இத்தாதுக்கள் எரிந்தால் சாம்பலாகும், சாம்பல் புகைக்குழாயிலுள்ள வினையூக்கியை முடக்கும். உணவகத்துப் பழைய எண்ணெய் இந்தத் தரத்தை எட்டுவது நடக்காத காரியம்.

இன்ஜினுக்கு என்ன ஆகிறது

எண்ணெயில் சரியாக எரியாமல் ஓடிய இன்ஜினிலிருந்து இஞ்செக்டரைக் கழற்றினால், நாசில் முனையைச் சுற்றிக் கரி ஊமத்தம்பூபோல விரிந்து நிற்கும். தூவல் அந்தக் குழலுக்குள் புகுந்து வெளியேறுவதால் இன்னும் ஒடுங்கும், இன்னும் மோசமாக எரியும், கரி இன்னும் வளரும். பிக்கப் குறைந்து புகை கூடும்போது உள்ளே இந்தச் சுழற்சி தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். நீண்ட நேரம் ஐடிலில் விடுவது இதற்கு நல்ல உரம். சுமையில்லாத சிலிண்டர் குளிர்ந்துபோகிறது. அரைகுறையாக எரிந்த எண்ணெயின் கிளிசரால் பகுதியிலிருந்து அக்ரோலின் என்ற கண்ணெரிச்சல் வாயு வரும். எண்ணெய் எரிந்தால் வருவது பலகார வாசனை மட்டுமே என்று நினைப்பவர்கள், கருகும் வாணலிப் புகையையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே தெரியாமல் நடக்கும் கேடு கீழே, ஆயில் சம்பில். சிலிண்டர் சுவரில் வழிந்த எரிபொருள் ரிங்குகளைக் கடந்து இன்ஜின் ஆயிலோடு கலக்கும். டீசல் என்றால் சூட்டில் அதன் ஒரு பகுதி ஆவியாகிப் போய்விடும். தாவர எண்ணெய் ஆவியாகாது. கொதிக்கும் முன்னரே சிதையும் பொருள் அது, சம்பில் தங்கிவிடும். அங்கே சூடு, காற்று, உலோகத் துகள் எல்லாம் இருப்பதால் மெல்ல மெல்லப் பின்னிக்கொள்ளும், ஆயிலில் இருக்கும் காரச் சேர்மானங்களையும் தீர்த்துவிடும். நெடுநாள் ஒன்றும் தெரியாது. பிறகு குறுகிய காலத்தில் ஆயில் களியாகி, ஆயில் பம்பின் சல்லடை அடைத்து, பேரிங்குகள் வறண்டுபோகும். முன்னெச்சரிக்கை டிப்ஸ்டிக்கில் கிடைக்கும்: ஓடும் இன்ஜினில் ஆயில் மட்டம் இறங்க வேண்டும், ஏறினால் எண்ணெய் கலக்கிறது என்று பொருள். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாகக் குறைப்பதே இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட மருந்து. மிச்சம்பிடித்த எரிபொருள் காசில் ஒரு பங்கு இதற்குப் போய்விடும்.

2000-க்குப் பிந்தைய வேன்களில் நிலைமை கைமீறுகிறது. காமன் ரெயில் அமைப்பில் எரிபொருள் 1,350 பாருக்கு மேல், இப்போது 2,000 பாருக்கும் மேல் அழுத்தப்பட்டு, ஒரே சுழற்சியில் பல தவணையாகப் பீய்ச்சப்படுகிறது. எண்ணெயின் துகளையும் அமிலத்தையும் தாங்கும் தளர்வு அதில் எங்கும் இல்லை. புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி இருந்தால் இன்னொரு கண்டம். அதில் சேர்ந்த கரியை எரிக்க, பல இன்ஜின்கள் பிஸ்டன் இறங்கிய பிறகும் கொஞ்சம் எரிபொருளைச் சிலிண்டருக்குள் விடுகின்றன. டீசல் ஆவியாக வெளியேறி வேலையை முடிக்கும். தாவர எண்ணெய் சுவரைக் கழுவிக்கொண்டு நேரே சம்புக்கு இறங்கும்.

எண்ணெயை மாற்றும் வழி

ஷவானின் வழி இன்று உலகெங்கும் தொழிலாக நடக்கிறது. நூறு கிலோ எண்ணெயோடு சுமார் 11 கிலோ மெத்தனாலையும், வினையூக்கியாகக் கொஞ்சம் காஸ்டிக் சோடாவையோ பொட்டாஷையோ சேர்த்து இளஞ்சூட்டில் கலக்கினால், கிளிசரால் முதுகெலும்பு கழன்று அடியில் தங்கும். மேலே நூறு கிலோவை ஒட்டி மெத்தில் எஸ்டர், அதாவது பயோடீசல், மிதக்கும். பாகுநிலை 4 முதல் 5 சென்டிஸ்டோக். வேனில் இரண்டாவது டேங்கும் வேண்டாம், சூடேற்றியும் வேண்டாம். 1997-இல் ஜோஷுவா டிக்கெல் என்ற அமெரிக்க இளைஞர் 'வெஜ்ஜி வேன்' என்று பெயரிட்டு அமெரிக்காவைச் சுற்றிய வண்டி ஓடியதும் பழைய எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலில்தான். வீட்டுக் கொல்லையில் இதைச் செய்தவர்கள் ஏராளம். மெத்தனால் நஞ்சு, அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. அமிலம் கூடிய எண்ணெயோ எஸ்டராகாமல் டிரம் நிறையச் சோப்பாக உறையும்.

இன்னொரு வழி ஹைட்ரஜனை ஏற்றுவது. உயர் அழுத்தத்தில் எண்ணெயின் ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிடுங்கிக்கொள்ள, எஞ்சுவது டீசலைப் போலவே நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன். பின்லாந்தின் நெஸ்டே நிறுவனம் 2007-இல் போர்வோவில் இதற்கு ஆலை தொடங்கி, பின்னர் சிங்கப்பூரிலும் ராட்டர்டாமிலும் கட்டியது. இந்த எரிபொருளைப் புதிய காமன் ரெயில் வேன்களில் பலவும் ஏற்கும். அதற்குச் சுத்திகரிப்பு ஆலை வேண்டும், கொல்லையில் செய்ய முடியாது.

வரியும் நிலமும்

ஐரோப்பாவில் எண்ணெய் வேன் பரவியதற்கும் மங்கியதற்கும் வேதியியலைவிட வரிதான் பெரிய காரணம். அங்கே டீசல் விலையில் பெரும் பங்கு வரி. சமையல் எண்ணெயில் அந்த வரி இல்லை. 2002-இல் தெற்கு வேல்ஸில் சூப்பர் மார்க்கெட் எண்ணெயை டேங்கில் ஊற்றி வரி கட்டாமல் ஓடிய வண்டிகளை அதிகாரிகள் வாசனை பிடித்து மடக்கினார்கள். பத்திரிகைகள் அவர்களுக்கு வறுவல் படை என்று பெயர் வைத்தன. 2007 கோடையில் பிரிட்டன் அரசு, ஆண்டுக்கு 2,500 லிட்டர் வரை உயிரி எரிபொருள் தயாரித்துப் பயன்படுத்துவோருக்கு வரி விலக்கு அளித்து விஷயத்தை முடித்தது. ஜெர்மனி எதிர்த்திசையில் போனது. வரியே இல்லாமல் இருந்த தாவர எண்ணெய்க்கு 2008 முதல் படிப்படியாக வரி ஏற்றி, 2013-இல் டீசலுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது. அதோடு சாலையில் அதன் விற்பனை படுத்துவிட்டது. பழைய எண்ணெயும் இலவசமாக நீடிக்கவில்லை. பயோடீசல் ஆலைகள் விலை கொடுத்து வாங்கத் தொடங்கியதும், முன்பு எடுத்துப் போனால் போதும் என்றிருந்த உணவகங்கள் பீப்பாய்க்குப் பூட்டுப் போட்டன.

நிலக்கணக்கு இன்னும் கறாரானது. நல்ல ஐரோப்பிய மண்ணில் ஒரு ஹெக்டேர் ரேப்சீடு ஆண்டுக்கு 1,300 முதல் 1,500 லிட்டர் எண்ணெய் தரும். நூறு கிலோமீட்டருக்குப் பத்து லிட்டர் குடிக்கும் வேன் ஆண்டில் 20,000 கிலோமீட்டர் ஓடினால் 2,000 லிட்டர் வேண்டும். ஒரு வேனுக்கு ஏறத்தாழ மூன்றரை ஏக்கர். செடி உறிஞ்சிய கார்பன் டைஆக்சைடுதான் புகையாகத் திரும்புகிறது என்ற வாதம் உண்மையே; ஆனால் வயலுக்கு இட்ட தழைச்சத்து உரத்திலிருந்து கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இந்தக் கணக்கு தலைகீழாகும் இடங்களும் உண்டு. பப்புவா நியூ கினியின் பூகன்வில் தீவில் 1990-களில் உள்நாட்டுப் போரும் முற்றுகையும் நீடித்தபோது டீசல் வரவே இல்லை, தேங்காய்க்குப் பஞ்சமில்லை. தீவினர் தேங்காயெண்ணெய் காய்ச்சி வண்டிகளை ஓட்டினார்கள். பகலெல்லாம் 24 டிகிரிக்கு மேல் இருக்கும் ஊரில் உறைதல் தொல்லை இல்லை, அயோடின் எண் 10 என்பதால் பிசினும் குறைவு. வனுவாட்டுவில் போருக்குப் பதிலாகக் கப்பல் கூலிதான் காரணம். அங்கே தேங்காயெண்ணெய் மின்சார ஜெனரேட்டர்களுக்கும் போயிற்று.

சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் இறக்குமதி செய்யும் இந்தியாவுக்கு இதில் இடமில்லை. அதனால் உண்ணாத எண்ணெய்கள் பக்கம் பார்வை போனது. 2003-இல் திட்டக் குழு காட்டாமணக்கை முன்னிறுத்தியது. பராமரிப்பும் தண்ணீரும் இல்லாத தரிசில் காய் போதிய அளவு பிடிக்காததால் அது எடுபடவில்லை. டீசலில் 5 சதவீதப் பயோடீசல் என்பதை 2030-க்கான குறியாக 2018 கொள்கை வைத்தது. அதே ஆண்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலில் மறுபடி பயன்படுத்தத் தடை விதித்து, பழைய எண்ணெயைப் பயோடீசல் ஆலைகளுக்குத் திருப்பிவிடும் திட்டத்தைத் தொடங்கியது. பயோடீசலுக்கு ஐஎஸ் 15607 என்ற இந்தியத் தரநிர்ணயம் உண்டு. வேன் உரிமையாளர் தாமே எண்ணெய் டேங்க் பொருத்தினால், பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைச் சந்திக்க வேண்டியிருக்கும்.